ஸ்கூல் போர்டு தேர்தலுக்கு நன்கொடை: கிரீன் கார்டில் இருப்பவர் கொடுக்கலாமா, யார் யார் கொடுத்தார்கள் என்று எங்கே பார்ப்பது?

வேம்புநிழல் (டெக்சாஸ்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது டல்லஸுக்கு வடக்கே. எங்கள் தெருக்காரர் ஒருவர் இந்த மே மாதம் ஸ்கூல் போர்டு (எங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் குழு) தேர்தலில் நிற்கிறார். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்ததால் பத்து வருடப் பழக்கம். உங்கள் வீட்டில் ஒரு சின்னச் சந்திப்பு வைக்கலாமா என்று கேட்டார், நானும் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். முப்பது பேர் வருவார்கள், சாப்பாடு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியாயிற்று.

அப்புறம்தான் சந்தேகங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. எனக்கு கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது, குடியுரிமை இன்னும் இல்லை. என்னால் ஓட்டுப் போட முடியாது என்பது தெரியும், பணம் கொடுக்கலாமா? என் தம்பி எச்-1பி விசாவில் பக்கத்து ஊரில் இருக்கிறான், அவனுக்கும் இவரை ரொம்பப் பிடிக்கும், "அக்கா, என் நூறு டாலரையும் உன் செக்கிலேயே சேர்த்துக் கொடுத்துவிடு" என்கிறான். இதில் ஏதாவது சிக்கல் உண்டா?

இன்னொன்று. போன வாரம் இவரைத் திட்டி ஒரு பெரிய பளபளப்பான அட்டை எல்லார் வீட்டுத் தபால் பெட்டியிலும் வந்தது. கீழே மிகச் சிறிய எழுத்தில் யாரோ ஒரு கமிட்டியின் பெயர். குடும்பம், குழந்தைகள், எதிர்காலம் என்று நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்த பெயர், ஆனால் அதை வைத்து யார் என்று ஒன்றும் புரியவில்லை. ஸ்கூல் போர்டு தேர்தலுக்கு இவ்வளவு செலவு செய்து அட்டை அடிப்பவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? எனக்கு இது நிஜமாகவே உறுத்துகிறது. என் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, நான் கட்டும் சொத்து வரி. யாருடைய பணம் இதில் விளையாடுகிறது என்று தெரிந்துகொள்ளக்கூட முடியாதா?

---

மஞ்சள்வெயில் (ஒஹாயோ) எழுதியது:

அக்கா, முதலில் தம்பி விஷயத்தை நிறுத்துங்கள். அது இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்ந்தது.

வெளிநாட்டவர் நன்கொடை கொடுக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம், ஆனால் அது வாஷிங்டன் தேர்தலோடு நிற்பதில்லை. மாநிலம், கவுண்டி, நகரம், ஸ்கூல் போர்டு எல்லாத் தேர்தலுக்கும் பொருந்தும். எச்-1பி, எஃப்-1, எல்-1 எல்லோரும் அந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான். இங்கேயே வேலை பார்க்கிறேன், வரி கட்டுகிறேன் என்று வாதாடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தற்காலிக விசாவில் இருந்த இரண்டு பேர் வழக்குப் போட்டு 2011-இல் தோற்றார்கள், அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதி செய்தது. இரண்டாவது தப்பு, ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பது. அது குடிமக்களுக்கே குற்றம். நூறு டாலர்தானே என்று நினைக்காதீர்கள், நாளைக்கு அவன் கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது இப்படி ஒரு தலைவலி எதற்கு?

தம்பி செய்யக்கூடியது உழைப்பு. சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டலாம், பெயர்ப் பலகை நடலாம், போன் பண்ணலாம். அது நன்கொடைக் கணக்கில் வராது.

உங்கள் விஷயம்: ஃபெடரல் சட்டப்படி கிரீன் கார்டு இருப்பவர் கொடுக்கலாம். ஆனால் இதை எல்லா மாநிலத்துக்கும் அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். எங்கள் ஒஹாயோவில் 2024-இல் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டவர் என்ற சொல்லுக்குள் கிரீன் கார்டுகாரர்களையும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பகுதியை ஒரு நீதிபதி ஆகஸ்டில் நிறுத்தி வைத்தார், அக்டோபரில் மேல் நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கிவிட்டது. இரண்டு மாதத்துக்குள் கொடுக்கலாம், கூடாது என்று இரண்டும் ஆனது. அதனால் இங்கே இருப்பவர்கள் வேறு மாநிலத்து நண்பர் சொன்னதை நம்பி செக் எழுதிவிட வேண்டாம்.

அட்டை விஷயத்தைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும், இப்போது வேலைக்குக் கிளம்புகிறேன், ராத்திரி வருகிறேன்.

---

கணக்குப்பிள்ளை (ஹூஸ்டன்) எழுதியது:

நான் இங்கே ஒரு நகர சபை வேட்பாளருக்கு இரண்டு தேர்தலில் பொருளாளராக இருந்திருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. டெக்சாஸில் பொருளாளர் நியமனப் படிவத்தைக் கொடுக்காமல் வேட்பாளர் ஒரு டாலர் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது, அதனால் ஆர்வத்தில் யாராவது ஒரு நண்பர் மாட்டிக்கொள்வது வழக்கம். அப்படி மாட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எவ்வளவு கொடுக்கலாம்? டெக்சாஸில் நீதிபதி தேர்தலைத் தவிர மற்றவற்றுக்குத் தனி மனிதருக்கு மாநிலச் சட்டத்தில் உச்ச வரம்பே கிடையாது. சில நகரங்கள் தாங்களாக வரம்பு வைத்திருக்கின்றன, அது வேறு. நீங்கள் ஐம்பதும் கொடுக்கலாம், ஒருவர் ஐந்து லட்சமும் கொடுக்கலாம். கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் நேரடியாக வேட்பாளருக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் உங்கள் வீட்டுச் செக் புத்தகத்திலிருந்து கொடுங்கள், கணவரோ நீங்களோ தொழில் நடத்தினால் அந்தக் கணக்குச் செக்கை எடுக்காதீர்கள். இது எங்களுக்கு மாதத்துக்கு ஒரு முறையாவது நடந்தது, நல்ல மனதோடு ஒருவர் தன் நிறுவனத்தின் செக்கை நீட்டுவார், அதை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பது பெரிய சங்கடம். ரொக்கமாகக் கொடுக்க நினைத்தால் ஒரு அறிக்கைக் காலத்துக்கு (ஒரு கணக்கு அறிக்கைக்குள் அடங்கும் நாட்கள்) நூறு டாலருக்கு மேல் வாங்கக் கூடாது.

சாப்பாடு! இதை யாரும் யோசிப்பதில்லை. முப்பது பேருக்கு நீங்கள் பிரியாணி வாங்கி வைத்தால் அதுவும் நன்கொடை. வேட்பாளரின் கணக்கு அறிக்கையில் பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு ஏ2 என்று தனி அட்டவணை இருக்கிறது, சந்தை விலை போட்டு உங்கள் பெயரில் எழுத வேண்டும். ரசீதைத் தூக்கிப் போடாமல் பொருளாளரிடம் கொடுங்கள். அப்புறம் தம்பி "பணம்தானே கூடாது, சாப்பாட்டை நான் வாங்கித் தருகிறேன்" என்று ஆரம்பிப்பான், அதுவும் கூடாது, அதுவும் நன்கொடைதான்.

பெயர் வருமா என்றால், வரும். ஒரு அறிக்கைக் காலத்தில் நீங்கள் கொடுத்தது ஒரு தொகையைத் தாண்டினால் பெயர், முகவரி, தேதி, தொகை எல்லாம் ஏ1 அட்டவணையில் போகும். அந்தத் தொகையை வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்ப மாற்றுகிறார்கள், இப்போது நூறு டாலரை ஒட்டி இருக்கிறது. தேர்தல் பணக் கணக்கைப் பார்க்கும் மாநில எத்திக்ஸ் கமிஷன் தன் தளத்தில் போடும்போது தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் எடுத்துவிட்டு ஊரும் ஜிப் கோடும் மட்டும் காட்டும். ஸ்கூல் போர்டு வேட்பாளர் அறிக்கை கொடுப்பது கமிஷனிடம் இல்லை, பள்ளி மாவட்ட அலுவலகத்தில். முன்பெல்லாம் அங்கே நேரில் போய் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். 2023-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு உள்ளூர் அறிக்கைகளையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். பல இடங்களில் கையால் எழுதிய படிவத்தை ஸ்கேன் பண்ணித்தான் போட்டிருப்பார்கள், பெயர் போட்டுத் தேட முடியாது, ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

படிக்கும்போது எல்லோரும் ஏ1-ஐ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது எஃப்1, அதாவது செலவு. பணம் கொடுத்தவர் பெயரில் நண்பர்கள், உறவினர்கள் என்று இருக்கும், ஒன்றும் தெரியாது. செலவில்தான் எந்த ஆலோசகருக்கு, எந்த அச்சகத்துக்கு என்று வரும். ஒரே போர்டில் நான்கு இடத்துக்கு நிற்கும் நான்கு "சுயேச்சை" வேட்பாளர்களும் ஒரே ஆலோசகருக்கு ஒரே மாதத்தில் பணம் கொடுத்திருந்தால் அவர்கள் ஒரு அணி என்று தெரிந்துவிடும். அப்புறம் இ அட்டவணை, கடன். வேட்பாளருக்கு யார் கடன் கொடுத்தார் என்பதை மறக்காமல் பாருங்கள்.

இப்போது முக்கியமான ஓட்டை. தேர்தலுக்கு 30 நாள் முன்பு ஒரு அறிக்கை, 8 நாள் முன்பு ஒரு அறிக்கை. அந்த 8 நாள் அறிக்கை, தேர்தலுக்குப் பத்து நாள் முந்தைய தேதி வரைக்குமான கணக்குதான். அதற்குப் பிறகு வரும் பணம்? மாநில சட்டமன்ற வேட்பாளருக்கு என்றால் கடைசி நாட்களில் பெரிய தொகை வந்தால் தினமும் சொல்ல வேண்டிய விதி உண்டு. ஸ்கூல் போர்டுக்கு அது கிடையாது. மே தேர்தலின் கடைசி ஒன்பது நாள் பணம் ஜூலை 15 அறிக்கையில்தான் வெளியே வரும். அதற்குள் ஜெயித்தவர் பதவிப் பிரமாணமே எடுத்து முடித்திருப்பார். இது தெரிந்தவர்கள் அந்த ஒன்பது நாளுக்காகக் காத்திருப்பார்கள். நான் பொருளாளராக இருந்த தேர்தலில் எதிர்த் தரப்புக்கு வந்த மிகப் பெரிய செக் தேர்தலுக்கு ஆறு நாள் முன்னால் தேதியிட்டது. ஜூலையில் அதைப் படித்தபோது வயிறு எரிந்தது. சட்டத்தை அவர்கள் மீறவே இல்லை, அதுதான் எரிச்சல்.

அந்த அட்டை: கீழே இருக்கும் சிறிய எழுத்து, அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர், சட்டப்படி போட வேண்டியது. அந்தப் பெயரை அப்படியே எழுத்துப் பிசகாமல் எத்திக்ஸ் கமிஷன் தேடல் பக்கத்தில் போடுங்கள். பொதுக் காரியக் கமிட்டியாக இருந்தால் அங்கே பதிவாகியிருக்கும், பொருளாளர் பெயரும் நன்கொடைப் பட்டியலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் பாருங்கள், இந்தத் தேர்தலுக்கென்று மட்டும் ஆரம்பித்த கமிட்டி அங்கே அறிக்கை கொடுக்கும்.

---

தனிவழி (விர்ஜினியா) எழுதியது:

எல்லோரும் வெளிப்படைத்தன்மை என்கிறீர்கள், கொஞ்சம் மறுபக்கமும் பாருங்கள். இங்கே நூறு டாலருக்கு மேல் கொடுத்தால் பெயர், முகவரியோடு என்ன வேலை, எங்கே வேலை என்பதும் அறிக்கையில் வரும். மூன்று வருடம் முன்பு நான் ஒருவருக்கு 150 டாலர் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, நான் வேலை பார்க்கும் இடத்தில் மேலே இருப்பவர் ஒருவர், எல்லோரும் இருக்கும் கூட்டத்தில், "நீங்கள் அந்த ஆளுக்குப் பணம் கொடுத்தவர்தானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

இதே விர்ஜினியாவில் நன்கொடைக்கு வரம்பே இல்லை, கம்பெனியே நேரடியாக வேட்பாளருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெரிய ஆட்களுக்குத் தடை ஏதும் இல்லாமல், 150 டாலர்காரன் மட்டும் வேலை செய்யும் இடம் வரைக்கும் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1958-இல் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் கொடுக்க வேண்டாம் என்றது. பெயர் வெளியே வந்தால் அடி விழும் என்று இருக்கிறவர்களுக்கு ரகசியம் ஒரு பாதுகாப்பு, அதை மறக்க வேண்டாம்.

(இங்கே விபாப் என்று ஒரு லாப நோக்கற்ற அமைப்பு எல்லாக் கணக்கையும் அழகாகத் தொகுத்துப் போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள்.)

---

மஞ்சள்வெயில் (ஒஹாயோ) எழுதியது:

தனிவழி, உங்களுக்கு நடந்தது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாதுகாப்புக்காகப் பெயரை மறைக்கும் வழியை நீதிமன்றமும் மூடவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 1976 பக்லி தீர்ப்பு, கணக்குக் காட்டும் விதி சரி என்று சொல்லும்போதே, மிரட்டலுக்கு நியாயமான வாய்ப்பு இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்றும் சொன்னது. 1982-இல் எங்கள் ஒஹாயோவிலிருந்து போன வழக்கில்தான் சோஷலிஸ்ட் வொர்க்கர்ஸ் கட்சிக்கு அந்த விலக்கைக் கொடுத்தார்கள். சின்னத் தொகைக்கான எல்லையை உயர்த்தினால் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் ரகசியம் யாருக்கு உதவுகிறது என்பதை எங்கள் ஊரில் கண்ணால் பார்த்தோம். 2019-இல் ஹவுஸ் பில் 6 என்று ஒரு சட்டம் வந்தது. பெரி, டேவிஸ்-பெஸ்ஸே என்ற இரண்டு அணு மின் நிலையங்களைக் காப்பாற்ற எல்லோர் கரண்ட் பில்லிலும் பணம் ஏற்றும் சட்டம். அதற்கு முன்பும் பின்புமாக ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தின் தரப்பிலிருந்து மொத்தம் சுமார் 6 கோடி டாலர், ஜெனரேஷன் நவ் என்ற ஒரு அமைப்புக்குப் போனது. அந்த அமைப்பு 501(சி)(4) வகை, சமூக நலன் அமைப்பு என்று வரித் துறையில் பதிவு. அந்த வகைக்கு நன்கொடையாளர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில்தான் லாரி ஹவுஸ்ஹோல்டர் என்ற மாநில சட்டமன்ற உறுப்பினர் தன் ஆட்களை ஜெயிக்க வைத்து சபாநாயகர் ஆனார், அப்புறம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றினார். அதை எதிர்த்துப் பொது வாக்கெடுப்புக்குக் கையெழுத்து வாங்கியவர்களைத் தடுக்கவும் அதே பணம்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டு டிவியில், கையெழுத்துப் போட்டால் சீனா உங்கள் மின்சாரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று விளம்பரம் ஓடியது. என் மாமியார் பயந்துபோய் என்னிடம் கேட்டார். யார் சொல்கிறார்கள் என்று பார்த்தேன், ஏதோ ஒரு அமைப்பின் பெயர், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. 2020 ஜூலையில் ஹவுஸ்ஹோல்டரையும் அவர் ஆட்களையும் எஃப்பிஐ கைது செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 2023-இல் ஹவுஸ்ஹோல்டருக்கு 20 வருடம் தண்டனை. அறிக்கை படித்து எந்தக் குடிமகனும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் அறிக்கையே கிடையாது. கரண்ட் பில் கட்டிய நாங்கள்தான் அதற்கும் பணம் கொடுத்தோம்.

இதைச் சரிசெய்ய அரிசோனா ஒரு வழி கண்டது. 2022-இல் மக்கள் ஓட்டெடுப்பில் 72 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு ப்ரொபோசிஷன் 211 வந்தது. பெரிய அளவில் தேர்தல் விளம்பரம் செய்யும் அமைப்பு, 5,000 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் மூலத்தைச் சொல்ல வேண்டும். இடையில் எத்தனை அமைப்பு வழியாகக் கைமாறி வந்தாலும் முதலில் சம்பாதித்தவர் யார் என்று சொல்ல வேண்டும். கொடுத்தவருக்கு முன்கூட்டியே சொல்லி, வேண்டாம் என்றால் விலக 21 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். தனிவழிக்கு இருக்கிற கவலைக்கும் அதில் இடம் இருக்கிறது, 150 டாலர்காரரை அது தொடவே இல்லை.

---

மழைக்கூடை (சியாட்டில்) எழுதியது:

ஒரு சின்னத் தகவல் மட்டும். சியாட்டில் நகருக்குள் இருக்கும் கிரீன் கார்டுகாரர்கள் நகரத் தேர்தல்களுக்கான டெமாக்ரசி வவுச்சர் வாங்கலாம். ஆளுக்கு 25 டாலர் வீதம் நான்கு சீட்டு. 2015-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது, 2017 தேர்தலில் முதல் முறை. ஓட்டு இல்லாத என் அம்மா, தன் நான்கு சீட்டையும் மேஜையில் பரப்பி வைத்து, இரண்டு நாள் விசாரித்து, யார் யாருக்கு என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டார். யாருக்குக் கொடுத்தார் என்பது நகரத் தளத்தில் பெயரோடு வரும், அதையும் காட்டினேன், அவருக்கு அதில் பெருமைதான்.

---

வேம்புநிழல் (டெக்சாஸ்) எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. தம்பியிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் முகம் சுருங்கியது, அப்புறம் சனிக்கிழமை பலகை நட வருகிறேன் என்றான்.

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னபடி அந்தக் கமிட்டி பெயரைத் தேடினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அட்டையில் "ஃபார்" என்று இருந்ததை நான் விட்டுவிட்டுத் தேடியிருக்கிறேன், சேர்த்துப் போட்டதும் வந்தது. இந்தக் காலத்தில் அந்தக் கமிட்டிக்கு வந்த பணம் முழுவதும் மூன்றே பேரிடமிருந்து. ஒருவர் ஊர் எங்கள் மாவட்டமே இல்லை, ஐந்து மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஊர். இன்னொன்று வேறொரு கமிட்டி. அந்தக் கமிட்டியைத் தேடினால் அதற்கும் அதே வெளியூர்க்காரர்தான் பெரிய நன்கொடையாளர். எங்கள் பள்ளியில் அவருக்கு என்ன அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. அவர் ஏதாவது மசோதாவுக்காகவும் தலைநகர் ஆஸ்டினில் ஆள் வைத்திருக்கிறாரா என்று பார்க்க முடியுமா? லாபியிஸ்ட் (காசு வாங்கிக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசுபவர்) கணக்கு வேறு இடத்தில் இருக்கிறதா?

---

பனிப்பூ (விஸ்கான்சின்) எழுதியது:

லாபியிஸ்ட் கணக்கு தனி, நன்கொடைக் கணக்கு தனி. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படிக்கும் வேலையைப் பெரும்பாலும் எந்த மாநிலமும் உங்களுக்காகச் செய்து கொடுப்பதில்லை, நாமேதான் செய்ய வேண்டும்.

நான் இரண்டு மாநிலத்தில் இருந்திருக்கிறேன், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். இங்கே விஸ்கான்சினில் ஒரு அமைப்பு ஒரு மசோதா பற்றி முதல் முறையாகப் பேசிய 15 நாளுக்குள் அந்த மசோதா எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு செலவு, எத்தனை மணி நேரம், அதில் எந்த மசோதாவுக்கு எத்தனை சதவீதம் என்று வரும். நான் எங்கள் பகுதியின் ஒரு மசோதா எண்ணைத் தட்டினேன், அதன் பின்னால் இருந்த அத்தனை அமைப்புகளும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்துவிட்டன. லாபியிஸ்ட் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கப் காபி வாங்கிக் கொடுக்கக்கூட இங்கே அனுமதி இல்லை. கொலராடோவில் ஆதரவா, எதிர்ப்பா, சும்மா கவனிக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் அப்படி இல்லை, யார் எந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறார், எந்தெந்தத் துறை என்று மட்டும் வரும், சம்பளம்கூட இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்று ஒரு வீச்சுதான்.

ஆனால் உங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டெக்சாஸ் சட்டமன்றத் தளத்தில் மசோதாவின் பக்கத்துக்குப் போய் சாட்சிப் பட்டியலைத் திறங்கள். கமிட்டி விசாரணையில் ஆதரித்தவர், எதிர்த்தவர், யார் சார்பாக வந்தார் என்று பெயரோடு இருக்கும். பேசாமல் பதிவு மட்டும் செய்தவர் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்களை எத்திக்ஸ் கமிஷன் லாபியிஸ்ட் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த நன்கொடையாளர், அவர் நிறுவனம், அவர் அறக்கட்டளை என்று மூன்று பெயரிலும் தேட வேண்டும், ஒரு பெயரில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை (ஹூஸ்டன்) எழுதியது:

பனிப்பூ சொன்னதோடு ஒன்று. டெக்சாஸில் லாபியிஸ்ட் விருந்து கொடுத்தால், ஒரு உறுப்பினருக்கான செலவு சட்டமன்றத் தினப் படியில் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்த உறுப்பினர் பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் ஒரே சாப்பாட்டு பில்லை நான்கு லாபியிஸ்ட்கள் பிரித்துக் கட்டுவது வழக்கமாகிவிட்டது, யார் சாப்பிட்டார் என்பது எங்கும் வராது.

இந்த விதிகள் எப்படி வந்தன என்று பலருக்குத் தெரியாது. 1989 ஜூலையில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பற்றி டெக்சாஸ் செனட்டில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, போ பில்கிரிம் என்ற கோழிப் பண்ணை முதலாளி செனட் அவைக்குள்ளேயே வந்து, உறுப்பினர்களுக்குப் பத்தாயிரம் டாலர் செக்குகளைக் கையில் கொடுத்தார். யாருக்கு என்று எழுதும் இடம் காலியாக இருந்தது. அப்போது அதைத் தடுக்கச் சட்டமே இல்லை, யாருக்கும் தண்டனை இல்லை. சில உறுப்பினர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரே சிரித்தது, 1991-இல் எத்திக்ஸ் கமிஷன் வந்தது. இன்றைக்கு மாநில சட்டமன்றக் கட்டடத்துக்குள் நன்கொடை கொடுப்பது குற்றம், சட்டமன்றம் கூடும் காலத்தில் உறுப்பினர்கள் வாங்கவே கூடாது. ஆனால் கூட்டத் தொடர் முடிந்த மறுநாள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம்.

---

கடற்காகம் (கலிபோர்னியா) எழுதியது:

டெக்சாஸைப் படிக்கப் படிக்க இங்கே எவ்வளவு கட்டுப்பாடு என்று தோன்றுகிறது. தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும், அந்த ஒன்பது நாள் ஓட்டை இங்கே கிடையாது. நகர சபையில் ஒருவருடைய கட்டட அனுமதி விவாதத்துக்கு வரும்போது, அவர் கடந்த 12 மாதத்தில் அந்த உறுப்பினருக்கு 500 டாலருக்கு மேல் கொடுத்திருந்தால் உறுப்பினர் அந்த விஷயத்தில் ஓட்டுப் போட முடியாது. 250 ஆக இருந்ததை 2025-இல் 500 ஆக்கினார்கள். லாபியிஸ்ட் கொடுக்கும் அன்பளிப்பு மாதம் 10 டாலர் வரைதான்.

ஆனாலும் இங்கேயும் ஒரு கதவு திறந்தேதான் இருக்கிறது. அரசியல்வாதி "எனக்கு வேண்டாம், இந்த அறக்கட்டளைக்குக் கொடுங்கள்" என்று கேட்கலாம். அதற்கு வரம்பு இல்லை. 5,000 டாலரைத் தொட்டால் 30 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் நான் எப்போதும் முதலில் புரட்டுவது அந்த அறிக்கையைத்தான். வேம்புநிழல், உங்கள் வேட்பாளர்களின் பெயரில் ஏதாவது அறக்கட்டளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

---

வேம்புநிழல் (டெக்சாஸ்) எழுதியது:

சந்திப்பு நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டு ரசீது, 412 டாலர், பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கே ஏ2 என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்கவில்லை, நான் சொன்னதும் படிவத்தைத் திறந்து காட்டினார், இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பினோம். அது போக 150 டாலருக்கு என் பெயரில் மட்டும் கையெழுத்துப் போட்டு ஒரு செக். பெயர் வெளியே வரட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. தனிவழி எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் தயங்கினேன் என்பதும் உண்மை.

சாட்சிப் பட்டியலையும் பார்த்தேன். அந்த வெளியூர்க்காரர் பெயரில் ஒன்றும் இல்லை. அவர் நிறுவனத்தின் பெயரில் தேடினேன், போன கூட்டத் தொடரில் பள்ளி நிதி பற்றிய ஒரு மசோதாவுக்கு ஆதரவாக ஒருவர் பதிவு செய்திருக்கிறார். அவர் பெயரை லாபியிஸ்ட் பட்டியலில் போட்டால் அதே நிறுவனம் வாடிக்கையாளராக இருக்கிறது. மூன்று நாள் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பார்த்தது. ஒரு தாளில் கோடு போட்டு, அட்டை, கமிட்டி, இரண்டாவது கமிட்டி, ஆள், நிறுவனம், லாபியிஸ்ட், மசோதா என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமை பலகை நட வந்த தம்பி அதை ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் காட்டலாமே என்றான். பக்கத்திலேயே அந்தப் பொது ஆவணங்களின் பிரதிகளையும் வைத்துக் காட்டப் போகிறேன், என் யூகம் எதையும் சேர்க்காமல்.

8 நாள் அறிக்கை வந்ததும் எஃப்1-ஐ முதலில் பார்க்கிறேன், அண்ணா. கடைசி ஒன்பது நாளுக்கு ஜூலை 15 வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன், அன்றைக்கு வந்து இங்கேயே எழுதுகிறேன்.